மாஸ்டரின் பேத்திக்கு ஒரு டெஸ்ட்

மாஸ்டர் தாத்தாவாகி நாலு மாதம்தான் ஆகிறது. ஆனால் பேத்தி வரும்போதே ஆறு வயசு. மகன் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணின் முதல் கல்யாணத்துக் குழந்தை. தொட்டிலாட்டும் வேலை மிச்சம், நேராகக் கதை பேசலாம் என்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டிவிட்டு லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர் அவர். அவரிடம் பழகினவர்கள் டெஸ்டில் தோற்றதே இல்லை. இன்ஸ்பெக்டர் எப்போது பேனாவைத் திறப்பார் என்பது வரை அத்துப்படி.

பேத்திக்கு வகுப்பில் உட்கார முடியவில்லை. மின்விசிறி கிறீச்சிட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். டீச்சர் தினமும் வராந்தாவில் நிறுத்தினார். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் இடம் மாற்றி, உதவிக்கு ஓர் ஆளும் போடுகிறோம் என்றது பள்ளிக்கூடம். மருமகள் தேதி வாங்கினாள். ஆட்டிசமா, ஏ.டி.எச்.டி.யா, இரண்டுமா, எதுவும் இல்லையா என்று பார்ப்பார்களாம்.

டிரைவிங் ஸ்கூலில் இதைச் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்கு டாக்டரானார்கள்.

"பொம்பளப் புள்ளைக்கு அதெல்லாம் வராது மாஸ்டர்," என்றார் கிளார்க்.

"செல்போனப் புடுங்குங்க, மறுநாளே சரியாயிடும்," என்றார் லாரி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்.

"அவகிட்ட செல்போனே கிடையாதுய்யா."

"அப்ப ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் புடுங்குங்க!"

கிளார்க் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் கண்ணப் பாத்துப் புள்ள பேசிட்டா ஒண்ணும் எழுத மாட்டாங்களாம். வியாதின்னு ஒரு பேர ஒட்டிட்டாங்கன்னா ஆயுசுக்கும் போகாது, பாத்துக்கங்க."

மாஸ்டருக்கு இது போதாதா? டெஸ்ட் என்று வந்தால் பாஸ் பண்ண வைப்பதுதானே அவர் தொழில்! மருமகளுக்குத் தெரியாமல், நிறுத்திவைத்த காரில் பத்து நாள் பயிற்சி நடந்தது.

"குட்டி, டாக்டர் பேசினா, கண்ணாடி பாக்கற மாதிரி டக்குனு அவங்க கண்ணப் பாக்கணும். மூணு எண்ணு. அப்புறம் எடுத்துடு."

"எனக்கு ஓடணும்னு வந்தா?"

"ஹேண்ட் பிரேக் போட்டாச்சுன்னு நெனச்சுக்கோ. வண்டி நகராது."

அந்த நாளும் வந்தது. டாக்டரம்மாவின் முன்னால் பேத்தி பொம்மை மாதிரி உட்கார்ந்தாள். கேள்வி கேட்டால் கண்ணைப் பார்த்தாள். உதடு மட்டும் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அசைந்தது. மாஸ்டருக்கு மீசைக்குள் சிரிப்பு.

மருமகளுக்கோ முகம் செத்துப்போனது. "வீட்டுல இப்படி இல்ல டாக்டர்... நெஜமா இல்ல. நீங்க ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டா நாளைக்கு மறுபடி வராந்தாதான்."

அந்த நேரம் பார்த்துப் பேத்தி திரும்பினாள். "தாத்தா, காலெல்லாம் நடுங்குது. ஹேண்ட் பிரேக்க எடுக்கலாமா?"

மாஸ்டரின் சிரிப்பு அப்படியே அடங்கியது. "எடுத்துடு கண்ணு," என்றார். அவள் எழுந்து அறையை நாலு சுற்று சுற்றினாள். மாஸ்டர் எழுந்து நின்று நடந்ததையெல்லாம் ஒப்பித்தார், லைசென்ஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டவர் மாதிரி.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கண்ணப் பாக்குறத மட்டும் வெச்சு யாரும் முடிவு பண்றதில்லங்க. ஒரே நாள்லயும் பண்றதில்ல. வீட்டுல எப்படி, ஸ்கூல்ல எப்படி, சின்னதுல எப்படி இருந்தான்னு எல்லாம் கேப்போம். நீங்க கூடவே இருக்கீங்களே, சொல்லுங்க."

மாஸ்டர் சொன்னார். சட்டைக் காலரில் இருக்கும் துணி லேபிளை வெட்டாமல் போடவே மாட்டாள். ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பதினோரு தடவை எழுந்திருப்பாள். டிரைவிங் ஸ்கூல் வண்டிகள் அத்தனையின் நம்பரும் மனப்பாடம். ஆனால் இடம் மாற்றி நிறுத்தினால் அழுகை. டாக்டரம்மா பக்கம் பக்கமாக எழுதினார்.

"இன்னும் ரெண்டு தடவ வரணும். அதுவரைக்கும் புள்ளைய வெளிய நிறுத்தாம, ஃபேனுக்குத் தள்ளி உக்கார வைக்கச் சொல்லி ஸ்கூலுக்கு இன்னைக்கே லெட்டர் தர்றேன். தயவுசெஞ்சு பயிற்சி மட்டும் வேண்டாம்."

வெளியே வந்ததும் மருமகள் இடுப்பில் கை வைத்தாள். "உங்கள என்ன செய்யலாம் மாமா?"

"பெயில் போட்டுடும்மா. ஏழு நாள் கழிச்சு மறுபடி டெஸ்டுக்கு வர்றேன்."

லெட்டரைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டே அவள் சிரித்துவிட்டாள்.

காரில் பேத்தி கேட்டாள்: "தாத்தா, நான் பாஸா?"

"இதுல பாஸும் இல்ல, பெயிலும் இல்ல கண்ணு. உனக்கு என்ன வேணும்னு கண்டுபிடிக்கறாங்க, அவ்ளோதான்."

"அப்ப எதுக்குப் பத்து நாள் பிராக்டிஸ் பண்ணோம்?"

மாஸ்டர் சிக்னலையே உற்றுப் பார்த்தார்.

"தாத்தா, பச்சை விழுந்து எவ்ளோ நேரமாச்சு! போங்க!"