டிரைவர் போட்ட ஓட்டு

சட்டசபைக்குள் போன பிறகும் அவருக்கு டிரைவர் என்ற பெயர்தான் நிலைத்தது. பாதி ஆயுசை நகரப் பேருந்தின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கழித்தவர். தொழிற்சங்கத்தில் இருந்தாலும் மேடையில் முழங்குகிற ஆள் இல்லை. பணிமனையில் யாருக்காவது லீவு மறுத்துவிட்டால், மேலாளர் அறை வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். லீவு கிடைக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். இப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே பேர் வாங்கினவர். ஒரு தேர்தலில் கட்சியின் இரண்டு பெரிய புள்ளிகள் ஒரே தொகுதிக்கு முட்டி மோதிக்கொள்ள, இரண்டு பேரும் வேண்டாம் என்று தலைமை இவரைப் பிடித்து நிறுத்தியது. ஜெயித்தும் விட்டார்.

சபைக்கும் டூட்டிக்குப் போவதைப் போலத்தான் போனார். பெருக்குகிறவர்கள் வேலையை முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். கேள்வி நேரத்தில் அவர் எழுந்தாலே அமைச்சர்கள் கொட்டாவி விடுவார்கள். பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை ஏன் இல்லை, டெர்மினஸில் பெண்களுக்குக் கழிப்பறை எப்போது வரும் என்று சுற்றிச்சுற்றி அதையே கேட்பார். சபை உறுப்பினர்களுக்கு மார்க் போடும் ஓர் அமைப்பு, வருகைப் பதிவில் அவருக்குத்தான் முதலிடம் என்று அறிவித்தது. கட்சி போஸ்டர் ஒட்டியது. “வீட்டுக்கும் இப்படி ஒழுங்கா வந்திருந்தா நானும் ஒரு போஸ்டர் அடிச்சிருப்பேன்” என்றாள் மனைவி.

போக்குவரத்துச் சட்டத் திருத்த மசோதா வந்த நாளும் அவர் ஆஜர்தான். காலையில் மேஜையில் வைத்திருந்த பிரதியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். படிக்கவில்லை. நஷ்டம் குறையும், புது பஸ்கள் வரும் என்று கட்சிக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். புது பஸ் என்ற சொல்லே அவருக்குப் போதுமானதாக இருந்தது. மதியத்துக்கு மேல் விவாதம் இழுத்துக்கொண்டே போனதால் பசி பொறுக்காமல் கேண்டீனுக்குப் போனார். ரொட்டியில் பாதியைத் தின்றிருப்பார், வாக்கெடுப்பு மணி அடித்தது. எதிர்க்கட்சி பெயர் வாரியாக ஓட்டெடுக்கச் சொல்லிவிட்டதாம். வாயில் ரொட்டியோடு ஓடினார். அவர் நுழைந்ததும் கதவைச் சாத்தினார்கள். மேஜையில் மூன்று பொத்தான்கள்: ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள். முன்வரிசையிலிருந்து கட்சிக் கொறடா திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். டிரைவர் பச்சையை அழுத்தினார். மசோதா நிறைவேறியது. எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள், அவரும் தட்டினார்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் மனைவி கேட்டாள்: “கல்குவாரி ரூட்ட நிறுத்திட்டாங்களாமே? நீங்க ஓட்டின ரூட்டுதானே அது?”

“தற்காலிகமா இருக்கும்.”

சொல்லிவிட்டாரே தவிர மனசு கேட்கவில்லை. பையைக் குடைந்து, மூலை மடங்கிக் கிடந்த மசோதாவை எடுத்தார். அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து, வண்டிக்கு அடியில் ஒழுக்கு தேடுகிறவரைப் போல ஒவ்வொரு வரியாகப் படித்தார். நடுப்பக்கத்தில் இருந்தது அது. வருமானம் குறைந்த தடத்தை, அந்தப் பகுதி மக்களிடம் கருத்துக் கேட்காமலே நிறுத்தலாம். கருத்துக் கேட்டே ஆகவேண்டும் என்ற பழைய விதியை ஒரே வாக்கியத்தில் துடைத்திருந்தார்கள். அதற்குத்தான் அவர் மேஜையைத் தட்டியிருந்தார். மனைவி வைத்துவிட்டுப் போன டீ அப்படியே ஆறியது.

குவாரித் தடத்தில் அவரோடு வருடக்கணக்காகக் கண்டக்டராக இருந்தவர் அந்தக் கடைசி நிறுத்தத்திலேயே குடியிருந்தார். எல்லோருக்கும் அவர் விசில். கற்றை மீசை உதட்டை மூடியிருக்கும். அதற்குள்ளிருந்து விசில் சத்தம் மட்டும் வரும். ஓய்வு பெற்றதும் முழங்கால் மடங்காமல் வீட்டோடு இருந்தார். டிரைவர் காரை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார்.

“வாடா வா! உன் பேரச் சொல்லித்தான் இந்தத் தெருவ அடக்கி வெச்சிருக்கேன்” என்று விசில் நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஆளுக்காளு எம்.எல்.ஏ. என்ன கிழிச்சாருன்னு கேக்கறாங்க. எங்காளு எதிர்த்துத்தான்டா ஓட்டுப் போட்டிருப்பான், ஒத்த ஆளா என்ன பண்ணுவான்னு சொன்னேன். சரிதானே?”

டிரைவர் வாயைத் திறந்தார். விசில் அவர் முகத்தையே சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவரின் தலை மெல்ல ஆடியது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், சும்மா ஆடியது என்றும் எடுத்துக்கொள்ளலாம். விசில் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்.

“பாப்பா எங்க? டிரெய்னிங் போயிருக்கா?” என்று டிரைவர் பேச்சை மாற்றினார். விசிலின் மகள் நகர மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சியில் இருந்தாள்.

“எங்க போறது? காலைல டூட்டிக்கு இங்கேர்ந்து முதல் பஸ்ஸு இருந்துச்சு. அது நின்னதும் எத்தன நாள் லாரியில தொத்திக்கிட்டுப் போவா? லேட்டு லேட்டுன்னு லிஸ்ட்லேர்ந்து பேர எடுத்துட்டாங்க.”

கிளம்பியபோது அந்தப் பெண் கேட் வரைக்கும் கூட வந்தாள். வழியனுப்பத்தான் வருகிறாள் என நினைத்தார்.

“பெரியப்பா, யார் யார் எப்படி ஓட்டுப் போட்டாங்கன்னு நெட்ல இருக்கு. பார்த்தேன்.”

அவர் கார்க் கதவில் வைத்த கையை எடுத்தார்.

“அப்பாகிட்ட சொல்லல. நான் சொல்லவும் மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க. அதுதான் முறை.”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அது இல்லை.

மறுநாள் அவர் போனது விசில் வீட்டுக்கு அல்ல, சபைச் செயலகத்துக்கு. பதிவுப் பிரிவில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். பதிவான ஓட்டைத் திருத்த முடியுமா என்று சுற்றி வளைத்துக் கேட்டார் டிரைவர்.

“பொத்தான் மாறி அழுத்திட்டேன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா உங்க பேருக்கு நேரா ஒரு குறிப்பு சேர்ப்போம் சார். முடிவு மாறாது” என்று ஒரு தாளை நீட்டினார் அவர். “மாறித்தானே போச்சு?”

“நாளைக்குக் குடுக்கறேன்மா” என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரே ஒரு வரி. எழுதிவிட்டால் விசிலுக்கு முன்னால் நிமிர்ந்து உட்காரலாம். மெஷின் தப்பு, விரல் தப்பு என்று போய்விடும். சட்டை மாற்றும்போதெல்லாம் தாளும் பை மாறியது. எழுதவும் மனசு வரவில்லை, கிழிக்கவும் மனசு வரவில்லை. அப்படியே நாள் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விசில் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவரை டிரைவருக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மீசை இல்லை. வருடக்கணக்காக வெயில் படாத மேலுதடு வெளுத்து, பச்சைப் பிள்ளையின் முகத்தைப் போல் இருந்தது.

“என்னடா இது?” என்று கேட்டு முடிப்பதற்குள்ளேயே புரிந்துவிட்டது.

“டீக்கடையில பந்தயம். அந்த மெக்கானிக் பய உன்னப் பத்திப் பேசினான். எங்காளு பச்சைய அமுக்கியிருந்தா மீசைய எடுத்துடறேன்டான்னேன். போன்ல எடுத்துக் காட்டிட்டான். அத்தன பேருக்கு முன்னாடி.” விசில் உதட்டைத் தடவிக்கொண்டார். “சொன்ன வார்த்தைய காப்பாத்தணும்ல. கடையிலேயே சோப்புத் தண்ணி கேட்டு எடுத்தேன்.”

“நான் சொல்லணும்னுதான் அன்னைக்கு...”

“நீ எதிர்த்துப் போட்டேன்னு சொல்லலடா. நானாத்தான் சொல்லிக்கிட்டேன். ஆனா நீ தலைய ஆட்டினே.”

“படிக்காமப் போட்டுட்டேன். கேண்டீன்லேர்ந்து ஓடி வந்து...”

“படிச்சுட்டுப் போட்டிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும்” என்றார் விசில். எழுந்து போகச் சொல்லவில்லை. உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது, மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று டிரைவருக்குத் தெரிந்தது. காரில் ஏறியதும் சட்டைப் பையிலிருந்த தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார்.

அதன் பிறகு அவர் சட்டப் பிரிவு அலுவலர் ஒருவரை நச்சரித்து ஒரு தனிநபர் மசோதா எழுதினார். எந்தத் தடத்தை நிறுத்துவதானாலும் மக்களைக் கேட்டாக வேண்டும் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவரும் மசோதா. ஆளும் கட்சிக்காரரே இப்படிச் செய்தது செய்தியாகிவிட்டது. பஸ் நின்றுபோன ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அம்மா, உப்பளத்துப் பக்கமிருந்து இருட்டோடு கிளம்பி நடந்தே வந்திருந்தார்.

“எங்க பஸ்ஸும் வந்துடுமாங்க?”

“வரும்மா. கண்டிப்பா வரும்.”

மசோதா எடுத்துக்கொள்ளப்படும் வெள்ளிக்கிழமைக்கு முன்தினம் கொறடா தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனால், பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார்.

“உனக்கு என்னப்பா வேணும்? குவாரி பஸ்ஸா? அமைச்சர்கிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமையிலேர்ந்து ஓடும். மசோதாவ மட்டும் வாபஸ் வாங்கிடு.”

“மத்த ஊருங்க?”

“ஓட்டுக்கு விட்டா நாளைக்கு எத்தன பேரு உன் பக்கம் கை தூக்குவான்? தோத்துடும். குவாரிக்கும் பஸ் வராது. வெறுங்கையோட போவே. யோசிச்சுக்கோ.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. வெள்ளிக்கிழமை மதியம் பாதி நாற்காலிகள் காலியாக இருந்த சபையில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார். விசிலின் வெளுத்த உதடு கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்தப் பெண் லாரியில் தொற்றிக்கொண்டு போவது வந்தது. மசோதாவைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். மைக்கில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. குறிப்பெடுப்பவர்கள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். இன்னொரு தரம் சொன்னார்.

திங்கட்கிழமை குவாரிக்கு பஸ் வந்தது. விசிலின் மகள் அலைந்து திரிந்து அடுத்த பேட்சில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். இழந்த வருடம் இழந்ததுதான். விசில் போனில் பேசினார். “பஸ் வந்துச்சுடா” என்றார். பழைய கலகலப்பு இல்லை. நன்றி சொல்லவில்லை. டிரைவரும் அதை எதிர்பார்க்கவில்லை. மசோதா என்ன ஆனது என்று விசில் கேட்கவும் இல்லை. ஒருவேளை தெரிந்தேதான் கேட்காமல் விட்டாரோ என்னவோ.

இந்த முறை மற்றவர் போனில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்வரை விடக்கூடாது என்று டிரைவருக்குத் தோன்றியது. அந்த வாரமே உப்பளத்துப் பக்கம் போனார். துப்புரவு அம்மா பள்ளிக்கூட வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தார். டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நின்றபடி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பச்சைப் பொத்தானிலிருந்து பிஸ்கட் தட்டு வரை.

அந்த அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“உங்காளுங்களுக்கு பஸ் வந்துடுச்சா?”

“வந்துடுச்சும்மா.”

“நல்லா இருக்கட்டும்” என்றார். குத்தலாகச் சொன்னாரா, மனசாரச் சொன்னாரா என்று டிரைவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தண்ணி ஊத்தணும்.”

சொன்னதைக் கேட்கிற ஆள் என்று அடுத்த தேர்தலுக்கும் கட்சி அவர் பெயரையே எழுதியது. அவர் வேண்டாம் என்றுவிட்டார். காரணம் கேட்டவர்களிடம் முதுகு வலி என்றார். இப்போது சங்கத்து ஆட்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, பஸ் நின்ற ஊர்களுக்குப் போய் மனு எழுதிக் கொடுக்கிறார், அதிகாரிகள் வாசலில் ஊர்க்காரர்களோடு நிற்கிறார். இரண்டொரு ஊருக்கு பஸ் வந்திருக்கிறது. உப்பளத்துக்கு இன்னும் வரவில்லை. உறுப்பினர்களுக்கு மார்க் போட்ட அந்த அமைப்பு, பழைய உறுப்பினர்கள் போட்ட ஓட்டுகளின் பதிவையும் நெட்டில் அழிக்காமல் வைத்திருக்கிறது. யாராவது அவரைப் புகழ்ந்து பேச ஆரம்பித்தால், “அதுல போய் என் பேரப் பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்” என்பார். பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. வராதவர்கள் மேல் அவருக்கு வருத்தமில்லை.