சரவெடிக்கு ஒன்ஸ் மோர்

மேடையில் தனசேகரனுக்குப் பெயரே சரவெடிதான். ஆர்க்கெஸ்ட்ராவில் ராப் வரிகளை மூச்சுவிடாமல் கொட்டிய தொண்டை, முப்பத்திரண்டு வயதில் கட்டிக்கொண்டது, கரகரப்புதான் மிஞ்சியது. இந்தக் குரல் எடுபடாது என்று குழுவில் கழற்றிவிட்டார்கள். போங்கடா என்று பாட்டை விட்டவன், இரண்டாயிரத்து ஆறில் பிள்ளையார்பாளையத்தில் நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு கேம் சென்டர் திறந்தான்.

அமாவாசையன்று தறிக்கு விடுமுறை என்பதால் கடை நிரம்பியிருந்தது. நெசவு வேலை செய்யும் சுகாசினி ஆடிய கேமில், பிடிபட்ட கிழவன் ஒருவன் கைகூப்பி நின்றான். அடியில் இங்கிலீஷில் ஏதோ ஓடியது. அதை யாரும் படிப்பதில்லை. கொல்லவா, விடவா என்று கேட்கும் இரண்டு பட்டன்களில் முதல் பட்டனைத் தட்டுவார்கள், கிழவன் செத்து விழுவான், ஆட்டம் நகரும்.

"இரும்மா, அந்தாளு இன்னா சொல்றான்னு கேளு" என்ற தனசேகரன், மேசையில் தாளம் தட்டி அந்தக் கரகரத்த குரலிலேயே ஆரம்பித்தான்.

"தப்பு ஒண்ணும் பண்ணல தாயீ, தண்ணி கூட குடிக்கல தாயீ! எம் பொண்ணு வாசல்ல நிக்கிறா, எனக்கோசரம் சோறு வச்சிக்கினு நிக்கிறா!"

சுகாசினியின் விரல் அப்படியே நின்றது.

"ஐயோ, இவனைப் போய் பத்து வாட்டி கொன்னுட்டேனே!" என்று இரண்டாவது பட்டனைத் தட்டினாள். கிழவன் தப்பித்து ஓடினான். கடையே விசிலடித்தது.

"ஒன்ஸ் மோர், சரவெடி!"

நல்ல தொண்டை இருந்த காலத்தில்கூட அவன் இப்படி ஒரு கையைத் தடுத்ததில்லை. பக்கத்துக் கம்ப்யூட்டர்காரன் தன் திரையில் ஒருவனைக் குறிபார்த்த துப்பாக்கியை இறக்கிவிட்டுத் திரும்பினான்.

"அண்ணா, என் ஆளு இன்னா சொல்றான்?"