சுவரில் ஒட்டிய குடியேற்ற வரலாறு

இந்தச் சம்பவத்துக்கு முன்னர் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டில் என் சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றவன் நான். கூட்டங்களில் ஊர்ப் பெயரொன்றின் தோற்றம் குறித்து ஐயம் எழுந்தால், மேடையிலிருப்பவர்கள் முன்வரிசைக் கதிரையில் இருக்கும் என்னையே பார்ப்பார்கள்.

யுத்தம் முடிந்து, வடக்குக்குத் திரும்புவது பற்றிய கதை வீடு வீடாக நடந்துகொண்டிருந்த காலம் அது. தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் என் வகுப்பில் இருந்தனர். எல்லோரும் ஆலங்குடாப் பக்கத்துக் குடியேற்றங்களில் பிறந்தவர்கள். பாடநூலில் அரசர்களின் குளங்கள் இருந்தன; ஒல்லாந்தரின் கோட்டையும் இருந்தது. இப்பிள்ளைகள் தண்ணீர் அள்ளிய கிணறு அந்நூலின் எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை. ஆகவே, தத்தம் குடியேற்றத்தின் வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவருமாறு பணித்தேன்.

ஒரு மாணவியின் கட்டுரை மற்றெல்லாவற்றையும் விஞ்சியது. முதற் கிடுகுக் கொட்டில் எழுந்த தென்னந்தோட்டம், உவர்நீர் ஊறியதால் தூர்க்கப்பட்ட கிணறு, முதல் ஜனாஸாவை அடக்கம் செய்ய உள்ளூரவர் தங்கள் மையவாடியில் விட்டுக்கொடுத்த இடம் என்று ஒழுங்காக எழுதியிருந்தாள். அதை வகுப்பறைச் சுவரில் ஒட்டுவித்தேன்.

ஆசிரியர் அறையில் உள்ளூர்க்காரரான சக ஆசிரியர் ஒருவர் தேநீரை ஆற்றியபடி கேட்டார்: "அகதி முகாமும் இனிப் புராதனச் சின்னமா, சேர்? வேலி அடிச்சு டிக்கட் குடுப்பமா?" எல்லோரும் சிரித்தனர். அது என்னைப் பாதிக்கவில்லை.

மறுநாள் மாணவியின் தந்தை வந்தார். கதிரையில் அமர மறுத்துவிட்டார்.

"மகள் நல்லாத்தான் எழுதியிருக்கிறா, சேர். ஆனா அது சுவரில வாணாம்."

காரணம் கேட்டேன்.

"நாளைக்கு மன்னார்ல எங்கட காணியில போய் நிக்கேக்க, 'ஒங்கட வரலாறு புத்தளத்திலதானே' எண்டு சொல்லுவாங்க. நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆகிப்போகும்."

வரலாறு வேறு, காணி உறுதிப் பத்திரம் வேறு என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒங்களுக்கு வேறதான் சேர். ஒங்கட ஊர் ஒங்கட காலுக்குக் கீழயே கிடக்கு."

சொல்லிவிட்டு வெளியே போனார்.

அடுத்த நாள் சுவரில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அவ்வாரமே அம்மாணவி புதிய கட்டுரையொன்றைக் கொண்டுவந்தாள். தான் ஒருநாளும் காணாத மன்னார்க் கிராமத்தின் வரலாறு. அதில் எல்லாம் பிறர் சொல்லக் கேட்டவை. பள்ளிவாசல் முற்றத்து மரம்கூட இன்னதென்று தெரியாமல் "ஒரு மரம்" என்றே எழுதப்பட்டிருந்தது. வாசித்துவிட்டுப் புள்ளிகள் எதுவும் வழங்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

பாடசாலைத் தவணை முடிவில் அக்குடும்பம் மன்னாருக்குப் போயிற்று. காணி காடாகிக் கிடந்தது. எல்லைக்கல்லைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். மழைக்காலத்துக்கு முன்னரே ஆலங்குடாவுக்குத் திரும்பிவிட்டார்கள். மாணவி பாடசாலைக்குத் திரும்பவில்லை. குடியேற்றங்களின் வரலாற்றை எழுதிவருமாறு அதன்பின் நான் எந்த வகுப்பிடமும் கேட்கவில்லை.

தந்தையின் பேச்சுக்குப் பயந்து நானே அக்கட்டுரையைக் கிழித்தெறிந்தேன் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. அதைக் கழற்றியவள் அம்மாணவி. கிழிக்கவில்லை, நான்கு மூலைகளையும் நகத்தால் பிரித்தெடுத்தாள். நான் வாசலில் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.