சின்ன வரியை அடிச்சிருங்க

மூன்றாம் வகுப்பில் பிள்ளையிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டு வரும் பெற்றோரை எனக்குப் பிடிக்காது. முப்பது வருடம் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஜூன் மாதம் பிறந்தால் போதும், வகுப்பு வாசலில் வந்து நிற்பார்கள். இங்கிலீஷ் சரளமாக வந்துவிடுமா, கணக்கு வந்துவிடுமா என்று துளைப்பார்கள். பத்தாம் வாய்ப்பாடு வரை வரும், தமிழில் ஒரு பக்கத்தைத் திக்காமல் வாசிக்கும், ஒன்றிரண்டு பல் விழுந்து முளைக்கும், முகம் மாறாமல் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும் என்று பதில் சொல்வேன். கடைசியில் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அதை நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

எழுபதுகளின் முதல் பாதியில் நான் மூன்றாம் வகுப்பு படித்தேன். அப்போதெல்லாம் தூத்துக்குடியில் பெரிய கப்பல் கரைக்கு வராது. அதற்கு ஆழம் போதாது. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணியில் போய்ச் சரக்கை ஏற்றி இறக்க வேண்டும். என் அப்பா அப்படி ஒரு கம்பெனித் தோணியில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் அதுதான் பிழைப்பு. ஊருக்குத் தெற்கே புது ஹார்பர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது திறந்துவிட்டால் கப்பல் நேரே வந்து கரையோரம் நிற்கும், தோணிக்கு வேலை இருக்காது என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

தெருவில் பெண்பிள்ளைகளை இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிடுவார்கள். எழுத்துக் கூட்டி ஜெபப் புத்தகம் வாசித்தால் போதும் என்று நினைப்பு. அப்பா மட்டும் என்னை மூன்றாம் வகுப்புக்கு அனுப்பினார். ஆள் ஆளுக்குக் கேலி செய்தார்கள். இவளைக் கலெக்டராக்கப் போகிறாயா என்று கேட்டார்கள். அப்பா அசையவில்லை. மூன்றாம் வகுப்பில்தான் இங்கிலீஷ் பாடம் ஆரம்பம். ஆனால் எங்கள் தெருவில் யாரும் இங்கிலீஷ் ஆரம்பிக்கும் என்று சொல்வதில்லை. மூணாங்கிளாசில் இங்கிலீசு வந்துரும் என்றுதான் சொல்வார்கள். அம்மை போடுவது போல ஒரு நாள் காலையில் எழுந்தால் உடம்பெல்லாம் வந்திருக்கும் என்று என் அப்பாவும் உண்மையிலேயே நம்பினார்.

மாதா கோயில் திருவிழா முடிந்த வாரம் கம்பெனியில் ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார்கள். டைப் அடித்த இங்கிலீஷ் காகிதம். அதில் இரண்டு வரி இருக்கிறது, ஒன்று புது ஹார்பர் வேலைக்கு வருகிறேன் என்பது, இன்னொன்று வரவில்லை என்பது, வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை காலையில் கொண்டுவர வேண்டும் என்று கிளார்க் சொன்னாராம். எந்த வரி எது என்று யாரோ கேட்டதற்கு, வாசிக்கத் தெரிந்தவனிடம் கேட்டுக்கொள் என்று ஜன்னலைச் சாத்திவிட்டாராம். தமிழில் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வாய் முத்து உதிர்ந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு மாமா தன் காகிதத்தோடு வந்தார். அப்பாவும் அவரும் ஒரே தோணி.

"கோயில் கணக்கப்பிள்ளை ஏரலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காரு. நாளைக்கு வெள்ளன வந்துருவாரு. அவர்ட்ட காட்டிட்டு ரெண்டு பேருமாப் போவோம்" என்றார்.

"கணக்கப்பிள்ளை எதுக்கு வே? எம்மவ மூணாங்கிளாசுல்லா படிக்கா" என்றார் அப்பா. "ஏளா, இங்கன வா. இதுல எது வேலைக்கு வாரதுன்னு வாசிச்சுச் சொல்லு."

எனக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் பெரிய எழுத்து இருபத்தாறும் சின்ன எழுத்தில் முதல் ஏழும்தான். காகிதத்தில் இருந்தவை அநேகமாகச் சின்ன எழுத்துகள். டீச்சர் கரும்பலகையில் போடும் எழுத்துக்கும் அந்த டைப் எழுத்துக்கும் ஒட்டுறவே இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்பா அடித்திருக்க மாட்டார். ஆனால் மாமாவுக்கு முன்னால் அவர் முகம் சுருங்கியிருக்கும். இரண்டு மாதமாகத் தெரு கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலாக அவர் என்னை அழைத்து நிறுத்தியிருந்தார். நான் காகிதத்தை வாங்கி விரலை வைத்து உதட்டை அசைத்தேன்.

ஒரு வரி குட்டையாக இருந்தது. இன்னொன்று மடங்கி மடங்கி மூன்று வரிசைக்கு நீண்டிருந்தது. வேலை உண்டு என்றால் எங்கே வர வேண்டும், எப்போது வர வேண்டும் என்றெல்லாம் எழுத வேண்டியிருக்கும் என்று யோசித்தேன். இல்லை என்று சொல்ல இவ்வளவு எதற்கு? எங்கள் வீட்டில் புது ரிப்பன் கேட்டாலும் முறுக்குக் கேட்டாலும் கிடையாது என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடும். எட்டு வயதில் எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

"பெரிய வரிதாம்ப்பா வேலைக்கு. சின்ன வரியை அடிச்சிருங்க" என்றேன்.

"என்னன்னு எழுதியிருக்கு?"

"புது ஹார்பர்ல வேலை தாரோம், தவறாம வந்து சேரணும்னு எழுதியிருக்கு."

தவறாமல் வந்து சேர வேண்டும் என்பது ஏதோ கல்யாணப் பத்திரிகையில் வாசித்தது. மாமா சந்தேகமாகப் பார்த்தார். "கம்பெனிக்காரன் அவ்வளவு மரியாதையாவா எழுதுவான்?" என்றார். அப்பாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. என் பையிலிருந்து அடிக்கோலை எடுத்து, குட்டை வரியின் மேல் வைத்து, கோணாமல் ஒரு கோடு போட்டார். கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார். மாமா தன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எதற்கும் கணக்கப்பிள்ளையிடம் காட்டிவிட்டே வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். பொம்பளைப்பிள்ளை படிப்பை நம்ப மாட்டீர் என்று அப்பா சிரித்தார்.

அன்று சாயங்காலம் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏளா, நெசமாவே வாசிச்சியா?"

"வாசிச்சேம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நாளைக்குக் காலையில வரைக்கும் நேரம் இருக்கு."

"வாசிச்சேன்னு சொல்லுதேம்லா" என்று நான் கோபப்பட்டேன். அம்மா மறுபடியும் கேட்கவில்லை. காலையில் அப்பா முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். பக்கத்து வீட்டு மாமா பெயர் இருந்தது. தோணியில் எல்லோர் பெயரும் இருந்தது. அப்பா பெயர் மட்டும் இல்லை. ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்துக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். உள்ளே இருந்த ஆபீசர் காகிதக் கட்டை அவிழ்த்து, அப்பா கொடுத்ததை எடுத்து மேசையில் போட்டார்.

"நீங்கதானே அடிச்சிருக்கீங்க?"

"எம்மவ வாசிச்சுச் சொன்னா சார். பெரிய வரிதான் வேலைன்னு."

ஆபீசர் என்னைப் பார்த்தார். "என்ன படிக்கிறே?"

"மூணாவது."

அவர் பக்கத்து மேசைக்காரரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அப்பாவுக்குத் தமிழில் சொன்னார். குட்டை வரி, புதுத் துறைமுகத்தில் வேலை செய்யச் சம்மதிக்கிறேன் என்பது. பெரிய வரி, மேற்படி வேலைக்குச் செல்ல எனக்கு விருப்பமில்லை என்றும், இது குறித்து இனி எந்தக் காலத்திலும் எந்த உரிமையும் கோர மாட்டேன் என்றும், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் என் முழு மனதோடு உறுதி கூறுகிறேன் என்பது. பெரிய இடத்தில் இல்லை என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும் என்பதை நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

"நீயே வாசி பார்ப்போம்" என்று ஆபீசர் காகிதத்தை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"அவ பயந்துட்டா சார். வீட்டுல நல்லா வாசிச்சா" என்றார் அப்பா. காகிதத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கோல் வைத்துப் போட்ட கோடும் அவர் கையெழுத்தும் அதில் இருந்தன. "இது அந்தக் காயிதம் இல்ல. மாத்திட்டிய" என்றார். பியூன் வந்து எங்களை வெளியே அனுப்பினான்.

வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அப்பாதான் பேசவிடவில்லை. "நீ அழாத. நீ சரியாத்தான் வாசிச்ச" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் அது வசதியாக இருந்தது. இதை மறைத்து எழுதிப் பிரயோஜனமில்லை.

அப்பா உப்பளத்துக்குப் போனார். அம்மாவும் போனாள். உப்பு நீரில் நின்று நின்று இரண்டு பேருக்கும் கால் வெடித்துப் புண்ணானது. என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்களுக்கு மூன்றாம் வகுப்பு, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் புதுநன்மை வருடமும்கூட. அதற்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். சாமியாரிடம் பாவத்தையும் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் பழக்கியிருந்தார்கள். பொய் சொன்னேன் சாமி, இரண்டு தடவை என்றேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் காத்திருந்தன. அருள் நிறைந்த மரியே ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தக் கதையைச் சொல்வார். நான் டீச்சர் டிரெயினிங் முடித்தபோது சொன்னார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னார். "இவ மூணாங்கிளாசுலயே கம்பெனிக் காயிதம் வாசிச்சவ. அந்தப் பயலுவதான் காயிதத்த மாத்திட்டானுவ." அந்த நேரங்களில் அப்பாவை வெறுத்தேன். என்னைத்தான் வெறுத்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அவரைத்தான் வெறுத்தேன். அம்மா ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அப்பாவுக்கு எழுபது தாண்டி, உப்பளத்து வெயிலில் கண் பாதி போன பிறகு, ஒரு நாள் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு மாமாவும் இருந்தார். புது ஹார்பரில் இருபது வருடம் வேலை பார்த்து, பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர். அவருக்கு முன்னால்தான் பொய் சொன்னேன், உண்மையையும் அவருக்கு முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று துணிந்தேன்.

"அப்பா, அன்னைக்கு எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு வார்த்தைகூடத் தெரியாது. வரியோட நீளத்தப் பாத்து நானா சொன்னேன். யாரும் காயிதத்த மாத்தல."

அப்பா மாமா பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் என் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"கேட்டீரா வே? நான் செத்துப்போறதுக்குள்ள எம் மனசு ஆறணும்னு, கம்பெனிக்காரன் செஞ்ச பாவத்த இவ தன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதா."

அந்தத் திங்கட்கிழமை வெள்ளனக் கணக்கப்பிள்ளையிடம் காட்டி, பெரிய வரியை அடித்துக் கொடுத்த மனிதர் மாமா. என் முகத்தைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆமா" என்றார். "தங்கமான பிள்ள."