நித்யஸ்ரீயின் பதினோரு அழைப்புகள்

எனக்கு வாய் ஜாஸ்தி என்று காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாயால் ஒரு பெண்ணுக்கு நான் செய்ததைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

நித்யஸ்ரீ எங்கள் எதிர் பிளாக். அப்பா விஸ்வநாத்துக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. அம்மா ரமா வீட்டோடு இருந்தாள். பெண்ணுக்கு ஆட்டிசம். தினமும் ஐந்தரை மணிக்குத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் தனியாக நடப்பாள். அவள் வயதுப் பெண்கள் கூட்டமாகக் கோச்சிங் கிளாஸ் போய்வருவார்கள், ஒருத்திகூட நின்று பேசமாட்டாள். அவளுக்குத் தோழியெல்லாம் வேண்டியதில்லை என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். என்ன திமிர் எங்களுக்கு.

பதினாறு வயதில், 2007இல், செகந்திராபாத்தில் ஒரு மனநல கவுன்சிலரிடம் வாராவாரம் போக ஆரம்பித்தாள். மனதை அரிக்கும் எண்ணத்தைத் தாளில் எழுத வேண்டும். அதற்குச் சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன என்று பார்க்க வேண்டும். பிறகு நேரில் போய்ச் சோதிக்கவும் வேண்டும். அதுதான் சிகிச்சை. அவள் எழுதியது இது: "என்னை யாருக்கும் பிடிக்காது. நான் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள்." இதெல்லாம் ரமா பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சோதித்துப் பார்க்க நவராத்திரி வந்தது. தனியாகப் பதினோரு வீட்டுக் கதவைத் தட்டினாள். என் வாசலில் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அலமு ஆன்ட்டி, வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எங்க வீட்டுக் கொலுவுக்கு வாங்க. வருவீங்களா?"

"கண்டிப்பா வரேம்மா கண்ணு," என்றேன்.

கொலுவுக்குக் கூப்பிட்டால் நம்மில் யார் வரமாட்டேன் என்கிறோம்? 'கண்டிப்பா' என்பது வெறும் மரியாதை. கூப்பிடுகிறவர்களுக்கும் அது தெரியும். நித்யஸ்ரீக்குத் தெரியாது. பதினோரு வீட்டிலும் 'கண்டிப்பா'தான். பதினொன்றையும் எதிர்ச்சாட்சிப் பக்கத்தில் எழுதிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை, அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான புஷ்பா வேன் கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் மகளும் சாப்ட்வேர் மாப்பிள்ளையும் மாதாப்பூரில் புது ஃபிளாட் வாங்கி, அங்கே கொலு வைத்திருந்தார்கள். பதினோரு வீட்டுக்காரிகளும் ஏறிவிட்டோம். எதிர் பிளாக்கைத் தாண்டும்போது ஜன்னலில் சீரியல் பல்பு எரிவதைப் பார்த்தேன். "ரமா ஒண்ணும் நினைச்சுக்கமாட்டா," என்றேன். பெண்ணின் பெயர் வாயில்கூட வரவில்லை.

மறுநாள் காலையில் பெல் அடித்தது. கையில் தாளும் பேனாவுமாக நித்யஸ்ரீ நின்றாள். வராததற்கு வேறு காரணம் இருக்கலாம், கேட்டுப்பார் என்று கவுன்சிலர் சொல்லிக்கொடுத்திருந்தார் போல.

"நேத்து எட்டரை வரைக்கும் வாசல்ல உக்காந்திருந்தேன் ஆன்ட்டி. மறந்துட்டீங்களா, உடம்பு சரியில்லையா, என்னைப் பிடிக்கலையா? ஒண்ணு டிக் பண்ணுங்க."

"தலைவலிம்மா," என்றேன், கூசாமல்.

"தலைவலின்னு சொன்னதுல நீங்க எட்டாவது. மூணு பேர் டோர் ஓபன் பண்ணல. ஒரே நாள்ல எட்டு பேருக்குத் தலைவலி வராது."

குத்திக்காட்டவில்லை. கணக்கு டீச்சர் மாதிரி சொன்னாள். 'பிடிக்கலை' என்ற மூன்றாவது கட்டத்தின் மேல் பேனாவை வைத்தாள்.

"இரும்மா. தலைவலி பொய். நாங்க எல்லாரும் வேன்ல மாதாப்பூர் போயிட்டோம்."

"அப்போ என்னைப் பிடிக்கலையா?"

"அப்படி இல்லடா."

"அப்போ எந்தக் கட்டம்?"

அவளுடைய தாளில் அதற்குக் கட்டம் இல்லை. புதிதாக ஒன்று போட்டுவிட்டுக் காத்திருந்தாள். கடைசியில் உண்மையைச் சொன்னேன்.

"நாங்க வரலைன்னா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு எங்களுக்குத் தோணவே இல்ல."

ஆங்கிலத்தில் பொறுமையாக எழுதிக்கொண்டாள்.

"இது உங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

பக்கத்தில் பதினொன்று என்று போட்டாள். பேனாவை மூடினாள். அன்றைக்கு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"கஷ்டமா இருந்தது ஆன்ட்டி," என்றாள்.