குளத்தைச் சுற்றி 5040

சாயங்காலம் ஆறு மணிக்கு மெயின் சுவிட்சைப் போட்டோம். குளத்தின் நான்கு கரையிலும் கட்டியிருந்த பல்புச் சரங்களில் கலர் ஓடியது. வரிசை தொடங்கி முடிகிற வடகிழக்கு மூலையில் மட்டும் அசிங்கமாக ஒரு வெட்டு. தெப்பத் திருவிழாக் கமிட்டித் தலைவர் நடேசன் நேராக அங்கேதான் போய் நின்றார்.

"இன்னாம்மா இது, பல்லு வுய்ந்தாப்புல கீது?"

உத்திரமேரூரில் என் பெயரில் லைட்டிங் கடை திறந்தபின் கிடைத்த முதல் பெரிய வேலை அது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்று கமிட்டியில் பாதிப் பேர் முனகியும், பிடிவாதமாக எனக்கு வாங்கித் தந்தவர் அவர். தெப்பம் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது. சொதப்பினால் இந்தப் பக்கம் எனக்கு இனி வேலை கிடைக்காது, அவருக்கும் தலைகுனிவு.

நான் பி.எஸ்சி. கணக்கு. ஒவ்வொன்றும் தனியாக நிறம் மாறும் பிக்சல் பல்பு 5040 என்று முடிவு செய்தது வேண்டுமென்றேதான். ஒன்று முதல் பத்து வரை எந்த எண்ணாலும் அது மீதியில்லாமல் வகுபடும். மொத்தம் அறுபது வகுத்திகள். அதைவிடச் சின்ன எண் எதற்கும் அத்தனை கிடையாது. நான்கு நிறம் ஓட்டினாலும் ஏழு நிறம் ஓட்டினாலும், கடைசி பல்பும் முதல் பல்பும் சேரும் இடத்தில் வரிசை கெடாது. ஐம்பது பல்புச் சரம் நூற்றொன்று வாங்கி, மிஞ்சிய பத்தை நான் வெட்டியபோது என் கூட்டாளி தாஸ் தலையிலடித்துக்கொண்டான்.

இப்போது அந்த வரிசைதான் கெட்டிருந்தது. நான்கு நிறம் போட்டேன்: மூலையில் நாலாவது நிறம் இல்லை. ஆறு போட்டேன்: ஆறாவது இல்லை. ஏழு: ஏழாவது இல்லை. எதைப் போட்டாலும் சரியாக ஒன்று குறைந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தாசு, ஒரு பல்பை எங்க வுட்ட?"

"அது எரியலக்கா. அறுத்துப் போட்டு ஜாயின்ட் அடிச்சிட்டேன். அஞ்சாயிரத்துல ஒண்ணு, எவனுக்குத் தெரியப் போவுது?"

5039 ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் வகுபடாது. எத்தனை நிறம் மாற்றினாலும் அந்த வெட்டு போகாது. மிஞ்சிய பத்தில் ஒன்றை எடுத்து, அறுத்த இடத்தில் தாஸ் சேர்த்தான்.

மறுபடி மெயினைப் போட்டோம். வெட்டு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"ஏழு போடும்மா!" என்றார் நடேசன். போட்டேன். "எட்டு! ஒம்போது! பத்து!" கரை முழுக்க விசில். முனகியவர்களே செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பதினொண்ணு போடு!"

"அது மட்டும் கேக்காதீங்க நைனா. பன்னெண்டு தரேன்."

"ஏன், பதினொண்ணு இன்னா பாவம் பண்ணிச்சி?"

"பதினொண்ணால வகுத்தா ரெண்டு மிஞ்சும். போட்டா திரும்பவும் பல்லு வுய்ந்துடும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பன்னிரண்டு நிறமும் ஒரு பிசிறில்லாமல் குளத்தைச் சுற்ற, தெப்பம் நகர்ந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் கையிலிருக்கும் எண் எதற்கெல்லாம் ஒத்துவரும் என்று தெரிந்தால் தைரியமாக வேலை பிடிக்கலாம். எதற்கு ஒத்துவராது என்றும் தெரிந்தால்தான், ஊரே கூடி நிற்கும்போது தலை நிமிர்ந்து "முடியாது" என்று சொல்லலாம்.