போணி நேரத்தில் மீன் கிடையாது

வண்ணமீன் கடை வைத்திருப்பவனுக்கு மீனைப் பற்றித் தெரிந்தால் மட்டும் போதாது. வாங்க வருகிறவரின் வாஸ்து, சம்பந்தி, பக்கத்து வீட்டுத் தகராறு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்த முகமாகப் பல்லைக் கடிக்கும் சக பாவிகளே, ஜவுளியோ மளிகையோ மருந்தோ, நீங்கள் எது விற்றாலும் சரி, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

இருபது வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவன் நான். கம்பெனி ஒரகடம் பக்கம் போனது, நான் கூடப் போகவில்லை. கள்ளிக்குப்பத்தில் சின்னதாக ஒரு கடை பிடித்துப் பதினெட்டுத் தொட்டிகளை அடுக்கினேன். மனைவி சுமதி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பொங்கலுக்குள் கடை காலூன்ற வேண்டும். இல்லாவிட்டால் பேசாமல் வேறு கம்பெனியில் ஷிப்டுக்குப் போய்விட வேண்டும். ஆவணியில் திறந்தோம். கையில் ஐந்து மாதம் இருந்தது.

எட்டு மஞ்சள், ஒரு கருப்பு

திறந்த அன்று முதல் ஆளாக வந்தவர், வானகரத்தில் புது ஃபிளாட் வாங்கிய ஐடி தம்பி. கையில் ஒரு பூசணிக்காய் அளவுக்குக் கண்ணாடிக் குடுவை. வாஸ்துக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினார்: எட்டு மஞ்சள் கோல்டுஃபிஷ், ஒரு கருப்பு. கோல்டுஃபிஷ் உள்ளங்கை அகலத்துக்கு வளரும், ஓயாமல் தின்னும், ஓயாமல் கழியும், அந்தக் குடுவையில் ஒன்று விட்டாலே மூச்சுத் திணறும். எல்லாம் என் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பக்கத்தில் சுமதி கற்பூரத் தட்டோடு நின்றாள். அது முதல் வியாபாரம், போணி. போணிக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அன்று முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். ஒன்பதையும் பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

நாலாம் நாள் அதே குடுவையோடு வந்து நின்றார். கருப்பு மட்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது, மற்ற எட்டும் மிதந்தன. சுமதி எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. தெரிந்தே செய்த தப்பு அல்லவா? திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "எங்களுக்கு வர வேண்டிய எட்டு கண்டமும் மீனுக்குப் போயிடுச்சுன்னு வாஸ்துக்காரர் சொல்றார் சார். அதே மாதிரி இன்னொரு எட்டு குடுங்க!"

முப்பது வருடத் தகராறு

அன்றோடு ஒரு முடிவுக்கு வந்தேன். எந்தத் தொட்டிக்கு எத்தனை, எந்த மீன் எதோடு ஒத்துப்போகும் என்று பார்க்காமல் யாருக்கும் மீன் தருவதில்லை. முதலில் மாட்டியவர் தணிகாசலம் அண்ணன். கள்ளிக்குப்பத்தில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைத்த குடும்பம், இப்போது அந்த நிலத்தில் வாடகை வீடுகள் விளைகின்றன. பேத்திக்காகத் தொட்டி வாங்கியிருந்தார். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வந்து, பதினைந்து பொடிக் கப்பி மீனும் ஒரு ஆஸ்கர் குட்டியும் கேட்டார். ஆஸ்கர் குட்டி கட்டைவிரல் நீளம்தான் இருக்கும், முகம் பச்சைக் குழந்தை மாதிரி. "அது ஒரு அடி வளரும்ண்ணே. வாய்க்குள்ள எது போகுதோ அதெல்லாம் அதுக்குச் சாப்பாடு. கப்பி அதுக்கு முறுக்கு மாதிரி" என்றேன்.

"நைனா, எனக்கும் பக்கத்து ஊட்டுக்காரனுக்கும் முப்பது வருசமா வரப்புத் தகராறு. ஒரே தெருவுலதான் குடும்பம் நடத்திகினு கீறோம். மீனு நடத்தாதா?" என்றார். நான் அசையவில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். போணி ஆகாத பாவமோ என்னவோ, அன்று இருட்டும் வரை ஒரு ஆள் படியேறவில்லை. கடையைச் சாத்தும்போது சுமதி கேட்டாள்: "ஏங்க, நீங்க மீன் விக்கக் கடை வெச்சீங்களா, விக்காம இருக்கக் கடை வெச்சீங்களா?"

சம்பந்தி வருகிறார்

புதுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய அன்றே மீன் விடக் கூடாது. கழிவைத் தின்னும் நல்ல கிருமிகள் ஃபில்டரில் குடியேற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு, வெறும் தண்ணீரை ஓட விட வேண்டும். இதைச் சொன்னால், காலித் தொட்டிக்குச் சோறு போடச் சொல்லும் பைத்தியம் என்று என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆவடியிலிருந்து வந்த டீச்சரம்மா ஒருவர் மட்டும் சமர்த்தாகத் தலையாட்டி, நோட்டில் எழுதிக்கொண்டும் போனார். பரவாயில்லை, படித்தவர் என்று நினைத்தேன். நாலாம் நாள் போன் வந்தது. "நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. ஹால் நடுவுல தொட்டி இருக்கு, லைட்டு இருக்கு, செடி இருக்கு, மீனை மட்டும் காணோம். கேட்டா, மீன் ஊருக்குப் போயிருக்குன்னா சொல்றது?"

தனி அறை

நான் சந்தோஷமாக விற்ற மீனும் உண்டு. மூன்று நண்பர்களோடு ஒரே அறையில் தங்கி வேலைக்குப் போகும் பையன் ஒருவன், ஒரு ஜோடி ஃபைட்டர் கேட்டான். இரண்டு ஆண் ஃபைட்டரை ஒன்றாக விட்டால் ஒன்றுதான் மிஞ்சும், அதுவும் கிழிந்துபோய் மிஞ்சும் என்றேன். தனியாக இருந்தால் அதற்குப் போரடிக்காதா என்று உருகினான். அதற்குத் தனிமைதான் சுகம் தம்பி என்றேன். ஒற்றை மீனைப் பையில் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பெருமூச்சு விட்டான். "குடுத்து வெச்சவன் சார். எங்க ரூம்ல தனி ரூம் கிடைச்ச ஒரே ஆளு இவன்தான்!"

மூன்று டப்பா

போணிச் சிக்கலுக்கு வழி கண்டுபிடித்தவள் சுமதிதான். மீன்தானே தர மாட்டீங்க, தீனி தரலாமே என்றாள். அன்று முதல், முதல் ஆள் கேட்கும் மீன்கள் ஒத்துவரவில்லை என்றால் ஒரு டப்பா தீனியை விற்றுப் போணியை முடித்துக்கொள்வோம். சட்டமும் காப்பாற்றப்படும், மீனும் காப்பாற்றப்படும்.

இதில் அகப்பட்டுக்கொண்டவர் அண்ணனூர் மின்சார ரயில் கார் ஷெட்டில் வேலை பார்க்கும் ஒரு நண்பர். அவருக்கு ஷிப்டு முடிகிற நேரமும் எனக்குக் கடை திறக்கிற நேரமும் ஒன்று, அதனால் எப்போது வந்தாலும் அவர்தான் போணி. அவருக்கு ஏஞ்சல் வேண்டும், மனைவிக்கு நியான் டெட்ரா வேண்டும். ஏஞ்சல் வளர்ந்ததும் நியானை விழுங்கிவிடும், இரண்டில் ஒன்றை வீட்டில் முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன், தீனியோடு. மறுவாரமும் முடிவாகவில்லை, இன்னொரு தீனி. மூன்றாம் முறை டப்பாவை நீட்டியபோது மனிதர் நொந்துபோனார். "மீனே இல்லாத ஊட்டுல மூணு டப்பா தீனி கீது சார். தயிர் சோத்துக்குத் தொட்டுக்கினு நானே துன்னுடவா?"

ஒற்றை ஆஸ்கர்

போகி வந்துவிட்டது. கடை ஓடுகிறதா, நிற்கிறதா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. சுமதி போட்ட கெடுவுக்கு ஒரு நாள்தான் பாக்கி. பொங்கல் கழிந்ததும் கம்பெனிகளில் கொடுக்கலாம் என்று ஒரு பயோடேட்டா அடித்து மேசை டிராயரில் வைத்திருந்தேன். அதை அவளும் பார்த்திருந்தாள்.

அன்று காலை நான் உள்ளே தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன், கல்லாவில் அவள். முதல் ஆளாகப் பெயின்ட் வாளியோடு வந்தார் தணிகாசலம் அண்ணன். வாளிக்குள் முக்கால் சாண் நீளத்துக்கு அந்த ஆஸ்கர், தனியாக. "உன் புருசன் பேச்சைக் கேக்காம வேற கடையில வாங்கினேன் தாயி. வளர வளர ஒண்ணொண்ணா பதினஞ்சையும் துன்னுட்டான். கடேசி கப்பி முந்தாநாள் போச்சு, அதுலேர்ந்து பேத்தி சரியா சோறு துன்னல. இவனை நீயே வெச்சிக்க. அந்தத் தொட்டிக்கு ரெண்டு ஏஞ்சலும் ஆறு டைகர் பார்பும் குடு. பொங்கலும் அதுவுமா புள்ள சிரிக்கணும்" என்றார்.

நல்ல வியாபாரம், பண்டிகை நேரம், போணி வேறு. ஆனால் டைகர் பார்புக்கு ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. எப்படிச் சொல்வது என்று ஈரக் கையோடு நான் எழுந்து வருவதற்குள் சுமதி முந்திக்கொண்டாள். "டைகர் ஏஞ்சலோட ரெக்கையைக் கடிச்சே நாராக்கிடும்ண்ணே. தர மாட்டேன்." அண்ணன் திகைத்துப்போய், "இன்னாம்மா, நீயுமா? போணி நேரத்துல இல்லேன்னு சொல்லாத" என்று கெஞ்சினார். அவள் கையில் எடுத்திருந்த மீன் வலையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். "போணி நாளைக்கும் ஆகும்ண்ணே. அந்தப் பொண்ணு இன்னொரு வாட்டி அழுவுறதுக்கு நாங்க மீன் விக்கிறதில்ல."

அண்ணன் கடைசியில் கப்பி மட்டும் வாங்கிக்கொண்டு போனார், ஆஸ்கருக்குத் தனித் தொட்டி போட்டு அதன் ஸ்டாண்டு ஆடாமலிருக்க என் பயோடேட்டாவை எட்டாக மடித்துக் காலுக்கடியில் சொருகியிருக்கிறோம், முன்பு மீன் தர மாட்டேன் என்று சொல்ல இந்தக் கடையில் ஒரு ஆள்தான், இப்போது இரண்டு பேர்.